4 டெராபைட் வன்தட்டு பயாஸில் தெரிகிறது. விண்டோஸ் மட்டும் ஃபார்மட் செய்யச் சொல்கிறது

செய்யாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். 2013-இல் வாங்கிய 4 டெராபைட் வெளிப்புற வன்தட்டு ஒன்று சென்ற வாரத்திலிருந்து எந்தக் கணினியிலும் தெரியவில்லை. இது 3.5 அங்குல வகை. தனியாக 12 வோல்ட் அடாப்டர் போட்டு, யுஎஸ்பி கேபிள் வழியாக இணைப்பது. செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் நடந்த பாரதக் கூத்துகளைப் பல ஆண்டுகளாக ஒளிப்பதிவு செய்து இதில்தான் சேர்த்து வைத்திருக்கிறேன். இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும் கூத்து என்பதால் ஒவ்வொரு கோப்பும் மிகப் பெரியது. மொத்தம் ஏறத்தாழ 3.2 டெராபைட் இருக்கும். அந்தப் பதிவுகளில் வேடம் கட்டியவர்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. எனவே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடிய பொருள் அல்ல இது.

அறிகுறிகளைச் சொல்கிறேன். அடாப்டரைப் போட்டால் பெட்டியின் விளக்கு எரிகிறது, தட்டு சுழலும் ஒலியும் கேட்கிறது. ஆனால் யுஎஸ்பியைச் செருகும்போது விண்டோஸ் எழுப்பும் ஒலி வருவதே இல்லை. வேறு கேபிள், வேறு கணினி, வேறு அடாப்டர் என எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. பிறகு பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த வன்தட்டை வெளியே எடுத்து, மேசைக் கணினிக்குள் வன்தட்டுகளை இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாக இணைத்தேன். இப்போது பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) தட்டின் மாடல் எண்ணும் 4 டெராபைட் என்ற கொள்ளளவும் சரியாகத் தெரிகின்றன. ஆனால் விண்டோஸ் திறந்தவுடன், இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வருகிறது. நான் அதை ரத்து செய்துவிட்டேன். ஊரில் ஒரு கடையில் கேட்டபோது, விரைவு ஃபார்மட் செய்துவிட்டு மீட்பு மென்பொருளை ஓடவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்றார்கள். அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை. அடுத்து என்ன செய்யலாம்?

தறியோசை:

வணக்கம் ஐயா. ரத்து செய்தது மிகச் சரி. அந்த அறிவிப்பு எத்தனை முறை வந்தாலும் ரத்து செய்யுங்கள். தட்டுகளின் பகுதிகளைக் காட்டும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கும்போது இனிஷியலைஸ் செய்யவா (புதிய தட்டாகத் தயார் செய்யவா) என்று கேட்டால் அதற்கும் சம்மதிக்க வேண்டாம்.

நீங்கள் சொன்னதிலிருந்தே நல்ல செய்தி ஒன்று கிடைக்கிறது. வன்தட்டு தன் மாடல் எண்ணையும் கொள்ளளவையும் பயாஸிடம் சரியாகச் சொல்கிறது என்றால், மோட்டார் சுழல்கிறது, தலைப்பகுதி தட்டின் மேற்பரப்பைப் படிக்கிறது, தட்டு தன் உள் மென்பொருளை ஏற்றிக்கொண்டு தயாராகிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். தலை பழுதான தட்டுகள் டக் டக் என்று ஒரே சீராகத் தட்டும். பயாஸிலும் பெரும்பாலும் தென்படாது, தென்பட்டாலும் கொள்ளளவு தவறாக வரும். ஆகவே பழுதானது பெட்டிக்குள் யுஎஸ்பியையும் சாட்டாவையும் இணைக்கும் சிறிய சர்க்யூட் போர்டு என்றே தோன்றுகிறது.

முடிவாகச் சொல்வதற்கு முன் ஒரு விவரம் தேவை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கீழ்ப்பகுதியில் இந்த வன்தட்டுக்கு எதிரே எத்தனை கட்டங்கள் தெரிகின்றன, ஒவ்வொன்றின் அளவு எத்தனை ஜிகாபைட் என்பதைப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்களோடு அப்படியே எழுதுங்கள். தோராயமாக எழுதினால் பயன்படாது.

செய்யாற்றங்கரை:

உடனே பதில் அளித்தமைக்கு நன்றி. மூன்று கட்டங்கள் தெரிகின்றன. முதல் கட்டம் 465.75 ஜிபி, அதில் ரா (கோப்பு அமைப்பு அறியப்படவில்லை) என்று எழுதியிருக்கிறது. அடுத்தது 1582.25 ஜிபி, மூன்றாவது 1678.02 ஜிபி, இவை இரண்டிலும் அன்அலகேட்டட் (ஒதுக்கப்படாத இடம்) என்று இருக்கிறது. இனிஷியலைஸ் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்குக் குழப்பமாக இருப்பது இதுதான்: இந்தத் தட்டில் நான் 465 ஜிபி அளவில் ஒரு பார்ட்டிஷனை, அதாவது தனிப் பிரிவை, உருவாக்கியதே இல்லை. வாங்கிய நாள் முதல் முழுத் தட்டும் ஒரே டிரைவாகத்தான் இருந்தது.

பொன்னி வடகரை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஃபார்மட் செய்யாமலேயே நேரடியாக ஒரு மீட்பு மென்பொருளைக் கொண்டு முழுத் தட்டையும் ஸ்கேன் செய்யலாமே? நான் மெமரி கார்டுகளில் இருந்து படங்களை அப்படித்தான் மீட்டிருக்கிறேன். பெரும்பாலும் எல்லாமே கிடைத்திருக்கிறது. ரா என்று காட்டும் பார்ட்டிஷனுக்கு செக்டிஸ்க் என்னும் விண்டோஸின் பிழைதிருத்தும் கட்டளையை ஓடவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

தறியோசை:

செய்யாற்றங்கரை ஐயா, அந்த மூன்று எண்களே போதும். 465.75-ஐ 8-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 3726 வருகிறது. 4 டெராபைட் தட்டை விண்டோஸ் தன் கணக்கில் 3726.02 ஜிபி என்றுதான் காட்டும். அதாவது, நீங்கள் உருவாக்காத ஒரு பார்ட்டிஷன் எங்கிருந்தோ முளைத்துவிடவில்லை. உங்களுடைய அதே பார்ட்டிஷன்தான் சரியாக எட்டில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரிகிறது. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி கிடைக்காது.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் யார் எதைச் செய்யச் சொன்னாலும் அது சரியா தவறா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். தட்டில் உள்ள தரவு செக்டர் என்னும் சிறு சிறு துண்டுகளாக எண்ணப்படுகிறது. உங்கள் வன்தட்டு வெளியுலகிடம் தன் செக்டரின் அளவு 512 பைட் என்று சொல்கிறது. எம்பிஆர் என்னும் பழைய பார்ட்டிஷன் அட்டவணையில் செக்டர் எண்ணை எழுத 32 பிட் மட்டுமே இடம் உண்டு. 512 பைட் செக்டரோடு அதைப் பெருக்கினால் 2048 ஜிபிக்கு மேல் போக முடியாது. இந்த வரம்பு இல்லாத ஜிபிடி அட்டவணையை அக்காலத்தில் பலர் வைத்திருந்த 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி புரிந்துகொள்ளாது. எனவே 3, 4 டெராபைட் வெளிப்புறத் தட்டுகள் எக்ஸ்பியிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள் பெட்டியின் சர்க்யூட் போர்டிலேயே ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்தப் போர்டு எட்டு செக்டர்களை ஒன்றாகச் சேர்த்து, செக்டரின் அளவு 4096 பைட் என்று கணினியிடம் சொல்லும். அதே 32 பிட் எண்ணை வைத்து 16 டெராபைட் வரை போய்விடலாம்.

பெட்டி உயிரோடு இருந்தவரை இதில் எந்தச் சிக்கலும் இல்லை. இப்போது தட்டு நேரடியாக சாட்டாவில் இருக்கிறது. நடுவில் நின்று எட்டை ஒன்றாக்கிய போர்டு இல்லை. பார்ட்டிஷன் அட்டவணை தட்டின் முதல் 512 பைட்டுக்குள்ளேயே இருப்பதால் அதை விண்டோஸ் படித்துவிடுகிறது. ஆனால் அதிலுள்ள எண்களை 512-ஆல் பெருக்குகிறது. முழக்கணக்கில் எழுதிய பத்திரத்தைச் சாண்கணக்கில் படித்தால் நிலம் சுருங்கித்தான் தெரியும். உங்கள் பார்ட்டிஷன் பெரும்பாலும் 256-ஆவது செக்டரில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். 4096-ஆல் பெருக்கினால் 1 மெகாபைட், 512-ஆல் பெருக்கினால் 128 கிலோபைட். விண்டோஸ் 128 கிலோபைட்டில் போய்த் தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை, அதனால் ரா என்று எழுதிவிட்டு ஃபார்மட் செய்யச் சொல்கிறது. மற்ற இரண்டு எண்களும் இதே கணக்கில் வருபவைதான்: 465.75-உம் 1582.25-உம் சேர்ந்தால் எம்பிஆரின் வரம்பான 2048. அதற்கு அப்பால் உள்ளதுதான் 1678.02.

இனி அந்தக் கடைக்காரரின் யோசனைக்கு வருகிறேன். விரைவு ஃபார்மட் என்பது பெயரளவில்தான் சிறிய வேலை. கோப்புகளின் பெயர், அளவு, இருப்பிடம் எல்லாவற்றையும் வைத்திருக்கும் எம்எஃப்டி என்னும் பட்டியல் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) டிரைவுகளில் வழக்கமாக பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தொலைவில் வைக்கப்படுகிறது. 128 கிலோபைட்டில் தொடங்கும் புதிய பார்ட்டிஷனின் பட்டியலும், 1 மெகாபைட்டில் தொடங்கும் உங்கள் பழைய பார்ட்டிஷனின் பட்டியலும் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இடைவெளியில் வந்து உட்காரும். புதிய டிரைவில் கோப்புகள் சேரச் சேர அதன் பட்டியல் வளரும்; பழைய பட்டியலின் மேலேயே ஏறி எழுதிவிடக்கூடும். எவ்விதக் காரணமும் இல்லாமல் இந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

பொன்னி வடகரை அவர்களே, ஸ்கேன் செய்வதால் தட்டில் எதுவும் எழுதப்படாது என்பதால் அதில் தீங்கு இல்லை. ஆனால் இங்கே அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். கோப்பின் தொடக்க அடையாளத்தைத் தேடிப் பொறுக்கும் மென்பொருள்கள் பெயரையும் அடைவையும் திருப்பித் தருவதில்லை; மேலும், துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய ஒளிப்பதிவுகளை அவை பெரும்பாலும் முழுமையாகச் சேர்க்க மாட்டா. மெமரி கார்டில் உள்ள சில மெகாபைட் படத்துக்கும் இரவு முழுவதும் ஓடிய கூத்துப் பதிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். எந்த ஊரில் எந்த நாள் நடந்த கூத்து என்ற பெயர் போய்விட்டால், பதிவு கிடைத்தும் பாதிப் பயன்தான். செக்டிஸ்கைப் பொறுத்தவரை, ரா என்று இருக்கும் டிரைவில் அது வேலை செய்ய மறுத்துவிடும்.

என் ஊகத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தட்டிலுள்ள பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் எச்எக்ஸ்டி என்னும் இலவச ஹெக்ஸ் எடிட்டரில் முழு வன்தட்டையும், வாசிப்புக்கு மட்டும் என்ற குறியை இட்டே திறந்து 2048-ஆவது செக்டருக்குப் போங்கள். 512 பைட் கணக்கில் 1 மெகாபைட் என்பது அந்த இடம்தான். வலப்பக்கப் பத்தியில் என்டிஎஃப்எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் உங்கள் பார்ட்டிஷனின் வாசலைக் கண்டுவிட்டீர்கள். அந்த எழுத்துகளை அடுத்து 20 என்ற எண் நான்கு முறை வரும். அதற்குப் பின் உள்ள இரண்டு எண்களைக் கவனியுங்கள். 00 02 என்றால் 512 பைட் செக்டர், 00 10 என்றால் 4096 பைட் செக்டர்.

யாழ்மணல்:

தறியோசை அண்ணா, ஓர் ஐயம். சில வெளிப்புறப் பெட்டிகள் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும் தரவு முழுவதையும் மறைகுறியாக்கியே (நேரடியாகப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றியே) தட்டில் எழுதுகின்றன என்று அறிவேன். இவருடைய பெட்டியும் அப்படிப்பட்டதாக இருந்தால் தட்டை வெளியே எடுத்துப் பயனில்லையே?

இன்னொன்று: என்னிடமும் 2019-இல் வாங்கிய 8 டெராபைட் பெட்டி ஒன்று உள்ளது. அதற்குள் இருந்த தட்டை எடுத்துக் கணினியில் பூட்டினால் சுழலவே மாட்டேன் என்கிறது. அதன் பழைய பெட்டியில் மீண்டும் வைத்தால் நன்றாக வேலை செய்கிறது. பயாஸில் அதன் சுவடே இல்லை.

தறியோசை:

நல்ல கேள்வி. அப்படிப்பட்ட பெட்டிகள் உண்டு. அவற்றில் முதல் செக்டரும் சேர்த்தே மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அந்நிலையில் நேரடியாக இணைத்தால் பார்ட்டிஷன் அட்டவணையே தெரியாது. முழுத் தட்டும் வெற்றாகத் தோன்றி, விண்டோஸ் இனிஷியலைஸ் செய்யச் சொல்லும். இவருக்கோ அட்டவணை படிக்க முடிகிறது, சுருங்கிய அளவும் கணக்காகப் பொருந்துகிறது. எனவே இங்கே மறைகுறியாக்கம் இல்லை என்று துணிந்து சொல்லலாம். மறைகுறியாக்கம் உள்ள பெட்டி பழுதானால், அதே வகைப் போர்டைத் தேடிப் பிடிப்பது, அல்லது அந்தப் போர்டுகளை அறிந்த மீட்பு நிலையத்தை நாடுவது தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உங்கள் 8 டெராபைட் தட்டின் கதை வேறு. சாட்டா மின் இணைப்பில் 15 ஊசிகள் உள்ளன. அவற்றில் முதல் மூன்றும் முன்பு 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. 2016-இல் வந்த சாட்டா 3.3 தரத்தில், மூன்றாவது ஊசியில் மின்னழுத்தம் இருந்தால் தட்டு நின்றுவிட வேண்டும் என்ற வசதி சேர்க்கப்பட்டது. பெரிய சர்வர்களில் தொங்கிப்போன தட்டை எட்ட இருந்தே மீண்டும் தொடங்குவதற்காக வந்தது அது. உங்கள் பவர் சப்ளை பழைய முறைப்படி அங்கே 3.3 வோல்ட் கொடுப்பதால், தட்டு நின்றே கிடக்கிறது. செல்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிறக் காப்டன் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி, தட்டின் மின் இணைப்பில் டேட்டா இணைப்புக்கு அருகில் உள்ள முனையிலிருந்து எண்ணி முதல் மூன்று ஊசிகளையும் மூடிவிடுங்கள், 3.5 அங்குலத் தட்டுக்கு 3.3 வோல்ட் தேவையே இல்லை. நான்கு ஊசி மோலெக்ஸ் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வகைகளில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு எரிந்துபோவதுண்டு என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

செய்யாற்றங்கரை:

தறியோசை ஐயா, நீங்கள் சொன்ன இடத்தில் அந்த நான்கு எழுத்துகள் இருக்கின்றன. நான்கு முறை 20, அதற்குப் பின் 00 10. அதைப் பார்த்ததும் எனக்கு உண்டான ஆறுதலை எழுதிக் காட்ட முடியாது.

வாசல் தெரிந்துவிட்டது, உள்ளே எப்படி நுழைவது? அதே மாடல் பெட்டியைத் தேடினேன். இப்போது விற்பனையில் இல்லை. கடைகளில் கிடைக்கும் பொதுவான யுஎஸ்பி பெட்டி ஒன்றை வாங்கினால் போதுமா?

தறியோசை:

போதும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 4096 என்று காட்டுவதும் 512 என்று காட்டுவதும் அந்தப் பெட்டியில் உள்ள சிப்பையும் அதன் மென்பொருளையும் பொறுத்தது. அட்டைப்பெட்டியின் மேல் இதை யாரும் அச்சிடுவதில்லை. நண்பர் யாரிடமாவது இருந்தால், வேறொரு தட்டைப் போட்டு, விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் டிஸ்க்ஸ் என்ற தலைப்பின் கீழ் பைட்ஸ் பெர் செக்டர் எத்தனை என்று பார்த்துவிட்டு உங்கள் தட்டை அதில் வைக்கலாம்.

அதைவிட நம்பகமானது லினக்ஸ் வழி. 2018-க்குப் பின் வந்த உபுண்டு எதுவானாலும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்குங்கள். முதலில் டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்து, கொள்ளளவை வைத்து உங்கள் தட்டின் பெயர் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து லோசெட்டப் என்னும் கட்டளை. ஒரு கோப்பையோ முழுத் தட்டையோ வேறொரு தட்டுபோல் காட்டுவது அதன் வேலை. அதில் செக்டர் அளவையும் நாமே சொல்லலாம். வாசிப்புக்கு மட்டும் என்ற தேர்வு, பார்ட்டிஷன்களைத் தேடு என்ற தேர்வு, செக்டர் அளவு 4096 என்ற தேர்வு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். இறந்துபோன போர்டு செய்த வேலையை இனி லினக்ஸ் செய்யும். புதிதாகத் தோன்றும் லூப் சாதனத்தின் முதல் பார்ட்டிஷனை, அதையும் வாசிப்புக்கு மட்டும் என்று மவுன்ட் செய்தால் (திறந்து பார்க்கும்படி இணைத்தால்), உங்கள் அடைவுகள் பெயரோடு தெரிய வேண்டும்.

 

நகலெடுக்கும் முன் ஒன்று. தட்டு இப்போது சாட்டாவில் இருப்பதால் அதன் ஸ்மார்ட் விவரங்களை (தட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் எண்களை) விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ கொண்டு பாருங்கள். 05, சி5, சி6 என்ற மூன்று வரிசைகளும் சுழியமாக இருந்தால் நேரடியாகக் கோப்புகளை நகலெடுக்கலாம். சி5 சுழியமாக இல்லாவிட்டால் தட்டில் படிக்க முடியாத செக்டர்கள் காத்திருக்கின்றன என்று பொருள். அப்போது மவுன்ட் செய்து ஒவ்வொரு கோப்பாகத் தேடி அலைக்கழிக்காமல், பழுதான தட்டுகளை நகலெடுக்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ மூலம் முழுத் தட்டையும் ஒரு பெரிய தட்டில் ஒரே இமேஜ் கோப்பாக (அப்படியே நகலாக) எடுத்துவிட்டு, லோசெட்டப்பை அந்தக் கோப்பின்மேல் ஓடவிட வேண்டும். சி7 மட்டும் கூடியிருந்தால் கேபிளை மாற்றினால் போதும். அது தட்டின் குற்றம் அல்ல.

செய்யாற்றங்கரை:

05, சி5, சி6 மூன்றும் சுழியம். உபுண்டுவில் நீங்கள் சொன்னபடி செய்ததும் முதல் முயற்சியிலேயே அடைவுகள் திறந்துகொண்டன. ஊர்ப்பெயர், ஆண்டு, எத்தனையாம் நாள் கூத்து என நான் வைத்த பெயர்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு படுகளப் பதிவைத் திறந்து நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தேன். படமும் ஒலியும் தடங்கலின்றி வருகின்றன. உங்களுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன் ஐயா.

புதிய தட்டு ஒன்றை சாட்டாவிலேயே இணைத்து நகலெடுப்பைத் தொடங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று எதிர்பார்க்கலாம்? முடிந்தபின் இந்தப் பழைய தட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

தறியோசை:

மிக்க மகிழ்ச்சி. இரண்டு தட்டுகளும் சாட்டாவில் இருப்பதால் 3.2 டெராபைட்டுக்கு எட்டு மணி நேரத்தை ஒட்டி ஆகலாம். தட்டின் உட்பகுதிக்குப் போகப் போக வேகம் குறைவது இயல்பு, அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். யுஎஸ்பி 2.0 வழியாக எடுத்திருந்தால் ஒரு நாளைத் தாண்டியிருக்கும். கணினி யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

நகல் முடிந்தபின், கோப்புகளை ஒப்பிட்டு நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையைச் செக்சம் (உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு ஒப்பிடும்) தேர்வோடும் எழுதாமல் ஒப்பிடு என்ற தேர்வோடும் ஓடவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பைட்டாக ஒத்துப்போகிறதா என்று அது சொல்லிவிடும். இதற்கும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். அதன்பின் இன்னொரு தட்டில் இரண்டாவது நகலும் எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். கூத்துக் குழுவினருக்கு அவரவர் பதிவுகளின் பிரதியைக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டு நகல்களும் சரிபார்க்கப்படும் வரை பழைய தட்டில் எதையும் எழுத வேண்டாம். பிறகு அதன் பார்ட்டிஷனை அழித்து, ஜிபிடி அட்டவணையோடு புதிதாக ஃபார்மட் செய்தால் நேரடி சாட்டாவில் முழு 4 டெராபைட்டும் கிடைக்கும். ஆயினும் 2013-ஆம் ஆண்டுத் தட்டு என்பதால், வேறெங்கும் பிரதி இல்லாத எதையும் அதில் வைக்காதீர்கள்.